வரிகளுக்கு நடுவே அறுபத்தொரு பேர்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அப்துல் குத்தூஸுக்கு வெள்ளையிடம் என்றால் அத்தனை பிரியம். மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் சும்மா விடாமல் அவர் ஒரு பத்திரிகையும் அடித்துக் கொடுத்ததில்லை. அந்த இடத்தில் பெரிய மாமன் பெயரைச் செருகிவிடுங்கள், தாய்மாமன் மில் பெயரைச் செருகிவிடுங்கள் என்று வந்து நின்றவர்களையெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "பத்திரிகையிலயே மூச்சு முட்டுனா, குடித்தனம் எப்படிங்க நடக்கும்?" என்பார்.

இத்தனை தாராளமான மனிதர் குடியிருந்தது கோட்டைமேட்டில் ஒன்றரை அறை வீட்டில். அந்த ஒன்றரையில் ஒன்று அச்சகம். கட்டிங் மிஷினுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம், சாப்பிட்ட பிறகு போக முடியாது. மிக்ஸியைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்பதால், அந்த வீட்டில் சட்னி அரைக்கக் குத்தூஸின் ஒப்புதல் வேண்டும். "ஏங்க, ஒண்ணு அந்த மிஷினு இந்த ஊட்ல இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்" என்று மெஹராஜ் சொல்லாத வாரம் இல்லை. குத்தூஸும் ஒவ்வொரு வாரமும், "மனை வந்துரும்" என்றே பதில் சொன்னார்.

அந்த மனைக்கு அவர் மனுப் போட்டது எண்பத்தெட்டில். கொங்கு மண்டலக் குறுந்தொழில் மனை ஒதுக்கீட்டு வாரியம் என்று ஒன்று. அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பொட்டலை முந்நூற்று நாற்பது துண்டாகக் கோடு கிழித்துவிட்டு, வாரியம் பதினோரு வருடம் யோசித்தது. தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் ஒரு கார்டு வந்தது.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வெளிப்படைத்தன்மையை முன்னிட்டு இனி வாரியத்தின் வெப்சைட்டில் மட்டுமே வெளியாகும். மனுதாரர்கள் அதில் தம் மனை எண்ணைக் கண்டறிந்து, அதைக் குறிப்பிட்டு ஜூன் முப்பதுக்குள் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் மனை ரத்து.

வாரியத்து வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அதன் கண்ணாடி வீணாகக் கூடாதென்று சிறப்பு அலுவலர் மேஜைமேல் போட்டுக்கொண்டார்.

குத்தூஸ் காந்திபுரத்துக்குப் போனார். லாட்ஜ் மாடியில் கயல்விழி என்ற பெண் நடத்தும் பிரவுசிங் சென்டர். மோடம் மிதிபட்ட கோழி மாதிரி கத்தி ஓய்ந்தபின், திரையில் பட்டியல் மேலிருந்து கீழாகக் கசிந்து இறங்கியது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தபோது பாதி வந்திருந்தது. அதில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. மீசை வைத்த ஆங்கில எழுத்துகள், தலைகீழாகத் தொங்கும் கேள்விக்குறிகள், காலிக் கட்டங்கள்.

"ஃபான்ட் இல்லீங்க பாய்" என்றாள் கயல்விழி. "அந்த ஆபீசுக்குன்னு தனியா எழுத்து செஞ்சு வச்சிருக்காங்க. அதை நம்ம சிஸ்டத்துல ஏத்துனாத்தான் தமிழாத் தெரியும்."

"அது எங்கீங்க அம்மணி கெடைக்கும்?"

"கீழ எழுதியிருக்குதுங்க."

"படிங்க கண்ணு."

"அதையும் அந்த ஃபான்ட்லதானுங்க எழுதி வச்சிருக்காங்க."

வாரியத்து வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். குண்டு வெடித்ததற்கு அடுத்த வருடம் அது, கோவையில் பையைத் திறந்து காட்டாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போக முடியாது. பையில் பத்திரிகை சாம்பிள்கள் இருந்தன. "யாருக்குங்க கல்யாணம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அத்தனை கல்யாணமும் உண்மைதான் என்று மனசுக்குப் பட்டபிறகே உள்ளே விட்டார்.

உள்ளே எழுத்து வாங்கும் வரிசை வராந்தாவைச் சுற்றி சைக்கிள் ஸ்டாண்டு வரை நின்றது. முன்னால் நின்றவர் மயில்சாமி, பெருந்துறையில் எண்ணெய்ச் செக்குக்கு உதிரிபாகம் கடைகிறவர். கண்காணிப்பாளர் சென்னியம்மாளின் மேஜைக்கு அவர் வருவது மூன்றாவது வாரம்.

"எருமை லோனுக்கு ஒரு ஜாமீன்தானுங்க கேட்டாங்க" என்றார் மயில்சாமி. "எழுத்துக்கு ரெண்டு கேக்கறாங்க. எருமையாவது ஓடிப்போகும். இது எங்கீங்க ஓடும்?"

சென்னியம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கெட்டவரில்லை. இருபத்தாறு வருட சர்வீஸில் எதிரே வருகிற யாரையும் நம்பாமல் இருக்கப் பழகியவர், அவ்வளவுதான். "நாளைக்கு நீங்க இதே எழுத்துல, வாரியம் எழுதுற மாதிரியே, உங்களுக்கு ஒரு மனையை எழுதிப்போட்டீங்கன்னா? யாருங்க பொறுப்பு?"

விண்ணப்பம் மூன்று பிரதி. ரேஷன் கார்டு நகல். ஐந்தாம் கலத்தில், எழுத்து எதற்காகத் தேவைப்படுகிறது என்ற கேள்வி. குத்தூஸ் 'படிக்க' என்று எழுதியிருந்தார். சென்னியம்மாள் அதை அடித்தார்.

"படிக்கன்னு போட்டா மேல சந்தேகப்படுவாங்க பாய். 'இதர காரணங்கள்'னு போடுங்க."

குத்தூஸுக்கு மயில்சாமியும் மயில்சாமிக்குக் குத்தூஸும் ஜாமீன் நின்றார்கள். இரண்டாவது ஜாமீனுக்கு, வரிசையில் பின்னால் நின்றவர் இருவருக்கும் கையெழுத்துப் போட்டார். மே மாதக் கடைசியில், அரக்கு முத்திரை வைத்த உறையில் ஒரு ஃபிளாப்பி கிடைத்தது. உபயோகித்தபின் எழுத்துகளை முழு எண்ணிக்கையில் திருப்பி ஒப்படைப்பதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

கயல்விழி அதை ஏற்றினாள். திரை தமிழாயிற்று. இருவரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்கள்.

எழுத்தெல்லாம் தடித்த எழுத்து. தடித்ததைச் சாய்த்து, சாய்த்ததன் அடியில் கோடு போட்டு, இளம்பச்சையின்மேல் கரும்பச்சையில் விட்டிருந்தார்கள். அதையாவது பொறுக்கலாம். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. காலை எட்டரை மணி உக்கடம் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி, மேல்வரியின் கால் கீழ்வரியின் தோளில் இருந்தது. யாருடைய கொம்பு, யாருடைய சுழி என்று பிரிக்க முடியவில்லை. குத்தூஸ் பிலிம் பார்க்கும் லென்ஸை எடுத்துத் திரையில் வைத்தார். ஒரு இடத்தில் 'கு' மாதிரி தெரிந்தது. அது குத்தூஸாக இருக்கலாம், குப்புசாமியாகவும் இருக்கலாம், இரண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும் இருக்கலாம்.

அச்சுக்காரருக்கு நோய் உடனே பிடிபட்டது. எழுத்தின் உயரம் பன்னிரண்டு, வரிக்கு வரி விட்ட இடம் ஐந்து. பன்னிரண்டாம் நம்பர் காலை ஐந்தாம் நம்பர் செருப்புக்குள் திணித்திருக்கிறார்கள். வரிக்குப் பதினெட்டு விட்டு, சாய்வை நிமிர்த்தி, அடிக்கோட்டை எடுத்துவிட்டால் போதும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறவரின் முகத்தோடு வாரியத்துக்குப் போனார்.

சிறப்பு அலுவலர் கோவிந்தராஜுலு, பைக்குள் சிவப்புப் பேனாவும் பச்சைப் பேனாவும் வைத்திருப்பவர். மனுவைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"உங்களை யாருங்க அனுப்புனது?"

"யாரும் அனுப்பலீங்க. பட்டியல் படிக்க முடியலீங்க."

"முடியலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"படிச்சுப் பாத்தனுங்க."

"அப்ப படிச்சிருக்கீங்க." அவர் சென்னியம்மாளைப் பார்த்தார். சென்னியம்மாள் குறிப்பேட்டில், 'மனுதாரர் பட்டியலைப் படித்ததாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டார்.

"சரி. வரிக்கு நடுவுல இடம் விடச் சொல்றீங்க. அந்த இடத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க. வெறும் இடம்."

கோவிந்தராஜுலு நாற்காலியில் சாய்ந்தார். இதற்காகவே முப்பத்தொரு வருடம் காத்திருந்தவர் போல ஆரம்பித்தார்.

"வெறும் இடம்னு சொல்றீங்க. நான் சர்வீஸ்ல சேந்த அன்னிக்கு எங்க மேலதிகாரி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். ரெஜிஸ்டர்ல காலியிடம் கண்டா குறுக்கே கோடு இழு, இழுத்துட்டு இனிஷியல் போடு. எழுத்து இதுவரைக்கும் யாரையும் ஏமாத்துனதில்லீங்க. எல்லாத் தப்பும் காலியிடத்துலதான் நடக்குது. ஒரு கிராமத்து அடங்கல் கணக்குல அரை இஞ்சு விட்டாங்க. அடுத்த வருஷம் பாத்தா அந்த அரை இஞ்சுல ஒரு கிணறு, ரெண்டு மோட்டார், நாப்பது தென்னை. இன்னொரு ஆபீஸ்ல சீனியாரிட்டி லிஸ்ட். பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு நூல் இடம் விட்டுப்போச்சு. அதுல பதினாலு 'அ'ன்னு ஒருத்தன் வந்து உக்காந்தான். உக்காந்தவன் மேல போய்ட்டே இருந்தான். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியல."

"அவரு இப்ப எங்கீங்க இருக்காரு?" என்று குத்தூஸ் கேட்டார், கதையில் மனசு போய்.

சென்னியம்மாள் குறிப்பேட்டின் கடைசி வரிக்குக் கீழே நிதானமாகக் குறுக்குக் கோடு இழுத்தார்.

"எதிர்ல உக்காந்திருக்கறவரைப் பத்திப் பேச வேண்டாம்" என்றார் கோவிந்தராஜுலு.

மனு நிராகரிக்கப்பட்டது. அதோடு போயிருக்கும், சென்னையிலிருந்து கடிதம் வராமல் இருந்திருந்தால். துறைச் செயலாளர் வெப்சைட்டை ஜூன் இருபத்தைந்தாம் தேதி தன் அறையில் பார்வையிடுவார். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருப்பதால் எழுத்துகள் தெளிவாக இருக்க வேண்டும். வாரியத்துக் கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்த கம்பெனிக்காரர் அதற்குள் வேறு தொழிலுக்குப் போயிருந்தார். ஆக, வாரியத்துக்குத் தெரிந்த ஒரே இடைவெளிக்காரர் குத்தூஸ். 'தற்காலிக, ஊதியமற்ற, கண்காணிப்புக்குட்பட்ட தொழில்நுட்ப ஆலோசகர்' என்று ஆணை வந்தது.

"சம்பளமில்லாத வேலைக்கு இத்தனை நீளமாப் பேரா?" என்றாள் மெஹராஜ்.

"பட்டியலு தெளிஞ்சா நம்ம நம்பரு தெரியும் மெஹராஜ். நம்பரு தெரிஞ்சா மிஷினு வெளிய போகும்."

"சரி போங்க. போறதுக்கு முன்னால அந்தக் கம்ப்யூட்டரை அமத்துங்க, தேங்கா அரைக்கோணும்."

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். உள்ளே ஏசி, கம்ப்யூட்டர்மேல் வெல்வெட் துணி, துணியை விலக்கினால் போன ஆயுத பூஜையின் சந்தனம். குத்தூஸ் உட்காரக் கோவிந்தராஜுலு, சென்னியம்மாள், காவலாளி மூவரும் பின்னால் நின்றார்கள். அந்த மூவர்தான் வரி இடைவெளிக் கண்காணிப்புக் குழு. அலுவலர்கள் போதாததால் காவலாளியைச் சேர்த்திருந்தார்கள். அவரும் பழக்கத்தில் குத்தூஸின் பையை அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டார்.

முதல் நாள், இரண்டு வரிக்கு நடுவே இடம் விட்டுக் காட்டினார். குழு மூச்சை உள்ளே இழுத்தது.

"திறந்து கெடக்குதே" என்றார் கோவிந்தராஜுலு. "கோடு போடுங்க."

ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் குறுக்கே கோடு போட்டார்கள். பட்டியல் போத்தனூர் ஜங்ஷனை மேலிருந்து பார்த்த மாதிரி ஆயிற்று. கோடு போட்டால் இனிஷியல் வேண்டுமே. சென்னியம்மாள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மானிட்டர் கண்ணாடிமேலேயே ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் போட்டுக்கொண்டு போனார். கோவிந்தராஜுலு பச்சை மையில் மேலொப்பமிட்டார். குத்தூஸ் அடுத்த பகுதியைக் காட்ட மவுஸை நகர்த்தினார். பட்டியல் மேலே போயிற்று, கையெழுத்துகள் அங்கேயே நின்றன. முதல் பக்கத்து மனைகளுக்காகப் போட்ட ஒப்பமெல்லாம் இரண்டாம் பக்கத்து ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நகத்தாதீங்க" என்றார் கோவிந்தராஜுலு.

அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று. வாரியத்தின் வெப்சைட்டை எவரும் மேலும் கீழும் நகர்த்தக் கூடாது. முதல் திரையில் உள்ள இருபத்திரண்டு மனைகள் தவிர மற்றவற்றைப் பார்க்க விரும்புவோர் எழுத்துமூலம் கோரலாம்.

இப்படி மூன்று வாரம். எழுத்தின் சாய்வை நிமிர்த்த ஒரு கூட்டம். சாய்ந்திருப்பது பணிவைக் காட்டுகிறது என்றொரு கருத்து வந்து ஒத்திவைக்கப்பட்டது. அடிக்கோட்டை எடுக்க ஒரு கூட்டம். எடுத்த கோடுகளை எங்கே வைப்பது என்று காவலாளி கேட்டார், அதையும் குறித்துக்கொண்டார்கள். ஜூன் இருபத்துநான்காம் தேதி, சாரல் காற்றில் ஜன்னல்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, கோவிந்தராஜுலு குத்தூஸைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்குச் செயலாளர் பாக்கறாரு. கோட்டையெல்லாம் எடுத்துருங்க. நீங்க சொன்ன மாதிரியே இடம் விடுங்க." குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு பாய். புதுசா எதுவும் தெரிஞ்சிரக் கூடாது."

"எழுத்து தெரியோணும்னுதானுங்க இடம் விடறது."

"எழுத்து தெரியட்டும். எழுதியிருக்கறது தெரிய வேண்டாம்."

இதை எந்த அளவில் செய்வது என்று குத்தூஸுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். பதினெட்டு விட்டார், சாய்வை நிமிர்த்தினார், வெள்ளையில் கறுப்பாக மாற்றினார், ஏற்றினார். நேராகக் காந்திபுரம் ஓடினார். அன்று மயில்சாமியும் பஸ் ஏறி வந்து அங்கே காத்திருந்தார்.

பட்டியல் வந்தது. பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருந்தது. கயல்விழி பிரிண்ட் போட்டாள். தாள் ஒன்றுக்கு நாற்பது வரி. முந்நூற்று நாற்பது மனைக்கு எட்டரைத் தாள், ஒன்பதில் முடிய வேண்டும். அச்சுக்காரருக்குத் தாள் தப்பாது. பத்தாவது தாள் வெளியே வந்தபோது குத்தூஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பதினொன்றாவது வந்தபோது உட்கார்ந்துவிட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு, கே. அப்துல் குத்தூஸ்" என்று கயல்விழி படித்தாள். "பாய், உங்க மனை. இருக்குதுங்க."

"கீழ படிங்க கண்ணு."

"இருநூத்திப் பன்னெண்டு 'அ'. ஆர். பிரவின்குமார். முன்னுரிமை."

பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே, இத்தனை நாள் அவர் தோளில் ஏறிப் படுத்திருந்த வரி அது. இரண்டு பேரும் சம்மதக் கடிதம் கொடுத்தால் மனை முன்னுரிமைக்குப் போகும். மயில்சாமிக்கும் ஒரு 'அ' இருந்தது. எண்ணிப் பார்த்தார்கள். முந்நூற்று நாற்பது மனை, நானூற்றொரு பேர்.

"பதினோரு வருஷமா எம்பட முதுகுல ஒருத்தன் சவாரி பண்ணீட்டிருந்திருக்கான்" என்றார் மயில்சாமி. "அதான் இடுப்பு வலிங்களா எனக்கு?" பதினோரு தாளையும் ஐம்பது செராக்ஸ் போட்டு எடுத்துக்கொண்டு பெருந்துறை பஸ் ஏறினார். வழியில் பஸ் நின்ற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை செயலாளர் பார்வையிட்டார். கண் ஆபரேஷன் நன்றாகவே நடந்திருந்தது. ஒரே ஒரு கேள்விதான் போனில் கேட்டார். முந்நூற்று நாற்பது மனையில் நானூற்றொரு பேரை எப்படி உட்கார வைப்பதாக உத்தேசம்?

திங்கட்கிழமை குத்தூஸுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. நீங்கள் ஜூன் இருபத்துநான்காம் தேதி வாரியத்தின் பட்டியலில் இடைவெளி விட்டீர்கள். விடும் முன் இல்லாத அறுபத்தொரு பெயர்கள் விட்டபின் தோன்றின. ஆகவே அவை உங்கள் இடைவெளியினால் உண்டானவை. உங்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு இருபத்துநான்கு மணி நேரத்தில் விளக்கம் தரவும்.

அன்று அவர் சாப்பிடவில்லை. கட்டிங் மிஷின்மேல் தலை வைத்து உட்கார்ந்திருந்தார். மெஹராஜ் குறிப்பாணையை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இல்லைன்னு எழுதுனா என்னங்க ஆகும்?"

"விசாரணை வைப்பாங்க. விசாரணை முடிய எட்டு மாசம். கடிதம் குடுக்க இன்னும் ரெண்டு நாளுதான் இருக்குது."

"ஆமாம்னு எழுதுனா?"

"என்னது?"

"இந்த அறுபத்தொரு பேரும் நீங்க உண்டாக்குனவங்கன்னு அவங்களே சொல்றாங்க. சரின்னு ஒத்துக்குங்க. உங்களாலதான் வந்தாங்கன்னு ஆயிப்போச்சுன்னா, அவங்க பேரை அடிச்சுப்போடச் சொல்ற பாத்தியதையும் உங்களுக்குத்தானுங்களே?"

குத்தூஸ் தலையைத் தூக்கினார். "ஒத்துக்கிட்டா மனை போயிராதா?"

மெஹராஜ் பீரோவிலிருந்து எண்பத்தெட்டாம் வருடத்து வாரிய விதிப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தகுதியிழப்புக்கான காரணங்கள் பத்தொன்பது இருந்தன. கொலை, திவால், சித்தசுவாதீனமின்மை எல்லாம் இருந்தன. இடைவெளி விடுதல் இல்லை.

"மிக்ஸி போடட்டுங்களா?" என்றாள்.

மறுநாள் குத்தூஸ் தானே தட்டச்சு செய்த விளக்கத்தோடு போனார். நல்ல எழுத்து, வரிக்குப் பதினெட்டு. 'என்மீதான குற்றச்சாட்டை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மேற்படி அறுபத்தொரு பெயர்களும் என் இடைவெளியால் உண்டானவை. வாரியம் இவர்களைச் சேர்க்கவில்லை. இவர்களில் எவரும் வாரியத்து அலுவலர் எவருக்கும் உறவினரோ அறிமுகமானவரோ அல்லர் என்பதும் இதனால் விளங்கும். செய்த பிழைக்கு வருந்தி, இப்பெயர்களை உடனே நீக்கப் பணிந்து வேண்டுகிறேன்.'

கோவிந்தராஜுலு முதல் வரியைப் படித்ததும் முகம் மலர்ந்தது. சென்னைக்கு அனுப்ப ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது, கையெழுத்தோடு கிடைத்துவிட்டார். "உங்களை மாதிரி எல்லாரும் ஒத்துக்கிட்டா நிர்வாகம் எப்படி இருக்கும் தெரியுங்களா" என்றார். பச்சைப் பேனாவை எடுத்தார். ஆனால் தாள் முழுக்க வரிகளுக்கு நடுவே அகல அகலமாக வெள்ளை.

"இத்தனை இடத்தை இப்படியே சென்னைக்கு அனுப்பறதா? நடுவுல எவனாவது எதையாவது எழுதிப்போட்டா?"

"சந்தேகப்படறது நல்லதுங்க" என்றார் குத்தூஸ்.

கோவிந்தராஜுலு எழுத்தைப் பார்க்காமல், வெள்ளையை மட்டும் பார்த்து, ஒவ்வொரு இடைவெளியிலும் கோடு இழுத்து இனிஷியல் போட்டார். சென்னியம்மாளும் போட்டார். காவலாளி கைநாட்டு வைத்தார். கடைசியில், 'வரிக்கு வரி சரிபார்த்தேன், உண்மை, நீக்க உத்தரவிடப்படுகிறது' என்று எழுதிக் கோவிந்தராஜுலு முழுக் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். ஒரு நகல் சென்னைக்கு, ஒரு நகல் கோப்புக்கு, ஒரு நகல் குற்றவாளிக்கு. முப்பதாம் தேதி காலை பதினொன்றரைக்கு, மனை எண் இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் குத்தூஸ் சம்மதக் கடிதம் கொடுத்து ரசீது வாங்கினார். மயில்சாமி பதினொன்று நாற்பதுக்கு.

பன்னிரண்டு மணிக்கு ஒரு இளைஞர் பைக்கில் வந்தார். மெலிந்த மீசை, புது வாட்ச். தன் பெயர் பிரவின்குமார் என்றும், மாமனார் இந்த ஆபீசில்தான் பெரிய இடத்தில் இருக்கிறார் என்றும், சம்மதக் கடிதம் கொண்டு வந்திருப்பதாகவும் சொன்னார். சென்னியம்மாள் கோப்பைப் பிரித்தார்.

"நீங்க இல்லீங்க தம்பி."

"நான் இங்கதானுங்களே நிக்கறேன்."

"நிக்கறீங்க. ஆனா கோப்புப்படி நீங்க ஒரு இடைவெளி. உண்டாக்குனவரே ஒத்துக்கிட்டாரு. உங்களுக்கும் இந்த ஆபீசுல யாருக்கும் உறவு இல்லைன்னு சிறப்பு அலுவலரே கையெழுத்துப் போட்டிருக்காரு. பாருங்க, வரிக்கு வரி போட்டிருக்காரு."

இளைஞர் மாமனார் அறைப் பக்கம் திரும்பினார். கதவுக் கண்ணாடி வழியாகக் கோவிந்தராஜுலு தெரிந்தார். அறிவிப்புப் பலகைக் கண்ணாடியின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, மேஜையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, பெண்ணைக் கட்டிக்கொடுத்ததற்குச் சாட்சி என்று ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து தான் இருப்பதை நிரூபிக்கப் பார்த்தாராம் அந்த இளைஞர். நிரூபித்தால் மாமனார் எழுதியது பொய்யாகும் என்று மாமியார்தான் தடுத்து நிறுத்தியதாகக் கேள்வி. பாக்கி அறுபது பேரும் இன்றுவரை வாரியக் கணக்கில் பிறக்கவில்லை.

குத்தூஸின் அச்சகம் ஆவணியில் பொட்டலுக்குப் போயிற்று. மெஹராஜ் அன்று மிக்ஸியை நிறுத்தவே இல்லை.

புது இடத்தில் முதல் வேலையாக, பல்லடத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார் பத்திரிகை அடிக்க வந்தார்கள். பெண்ணின் அப்பா புரூஃபை வாங்கிப் பார்த்தார். எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பெயர் மேலே, பெண் பெயர் கீழே, நடுவில் வழக்கமான கட்டைவிரல் அகலம். அந்த வெள்ளையின் குறுக்கே, மூலைக்கு மூலை, பச்சை மையில் ஒரு கோடு. கோட்டின் நுனியில் குத்தூஸின் இனிஷியல்.

"ஏனுங்க பாய், இது என்னங்க?"

குத்தூஸ் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பெண்ணின் அப்பாவுடைய பையையும் பார்த்தார்.

"அந்த இடத்தைச் சும்மா உட்டா யாராச்சும் வந்து உக்காந்துக்குவாங்க" என்றார். "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. மாப்ள ஊட்லயும் ஒண்ணு வாங்கீட்டு வாங்க. அப்புறந்தான் அடிப்பனுங்க."